கேஸே இல்லாதவருக்கு 'பேக்கிரவுண்ட் செக் ஃபெயில்'

கேள்வி: டெலிவரி ஆப் ஒண்ணுல சேர ஆதார், பான், லைசென்ஸ், செல்ஃபி எல்லாம் குடுத்தேன். இப்ப 'பேக்கிரவுண்ட் செக் ஃபெயில்'னு ஐடிய பிளாக் பண்ணிட்டாங்க. எம்மேல ஒரு கேஸும் கெடையாது சார். ஆள் சேத்துவிட்ட ஏஜென்ட், ஆதார் போட்டோவும் ஓடிபியும் வாட்ஸ்அப்ல அனுப்பு, சரி பண்றேங்கிறான். அனுப்பலாமா?
- வாசகர், தாம்பரம்

பதில்: அனுப்பவே அனுப்பாதீங்க தம்பி. செக் ரிசல்ட்ட மாத்துறது அந்தாளு கையிலயே இல்ல, அப்புறம் அவருக்கு எதுக்கு ஓடிபி?

இந்த செக்க ஆப் கம்பெனி பெரும்பாலும் தானா பண்றதில்ல, இதுக்குன்னே இருக்குற வெரிஃபிகேஷன் கம்பெனிகிட்ட விட்டுடுவாங்க, அவங்க உங்க பேரு, அப்பா பேரு, அட்ரஸ வச்சு கோர்ட் ரெக்கார்டுல தேடுவாங்க. நம்மாளுங்களுக்கு இங்கதான் ஏழரை. நமக்கு சர்நேமே கெடையாதே! ஆதார்ல எஸ்.முருகன், பான்ல முருகன் செல்வம், லைசென்ஸ்ல வெறும் முருகன்னு இருக்கும். செல்வம் மகன் முருகன்னு தேடுனா ஒரே தாலுகாவுல எத்தனை பேர் வருவாங்க, அதுல எவனோ ஒருத்தனோட அடிதடி கேஸ் உங்க தலையில விழுந்திருக்கலாம்.

அதனால ஆப் கம்பெனிக்கு மெயில் போட்டு, எந்த கோர்ட், எந்த கேஸ், சிஎன்ஆர் நம்பர் என்னன்னு கேளுங்க. ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்துல அந்த நம்பர் உண்டு, ஈ-கோர்ட்ஸ் சைட்டுல காசில்லாம பாக்கலாம். எந்த ஸ்டேஷன், எந்த வருஷ எஃப்ஐஆர்னு பாத்தாலே அது நீங்களா இல்லையான்னு தெரிஞ்சிடும். கூடவே தமிழ்நாடு போலீஸ் சைட்டுல உங்களுக்கு நீங்களே வெரிஃபிகேஷனுக்கு அப்ளை பண்ணி, அந்த ரிப்போர்ட்டையும் மெயில்ல சேத்து அனுப்புங்க.

சட்டம் இருக்கான்னா, இருக்கு. தனிநபர் டேட்டா பாதுகாப்புச் சட்டம் 2023லயே வந்தாச்சு, ஆனா விதிகள 2025 நவம்பர்லதான் அறிவிச்சாங்க, தப்பான தகவல திருத்தச் சொல்ற உரிமை நடைமுறைக்கு வர அதுலேர்ந்து 18 மாசம் டைம் குடுத்திருக்காங்க. கம்பெனிங்களுக்கு அவ்வளவு அவகாசம், உங்களுக்கு வண்டி டியூ மட்டும் மாசாமாசம் கரெக்டா வந்துடுது!

இனிமே யாருக்காவது ஆதார் காப்பி குடுக்கணும்னா மாஸ்க்டு ஆதார குடுங்க, ஆதார் சைட்லயே டவுன்லோட் ஆகும், கடைசி 4 நம்பர் மட்டும்தான் தெரியும். அப்புறம், பிளாக் ஆன ஐடில சில ஆப் உள்ளயே விடாது, அதனால அந்த 'ஃபெயில்' மெசேஜ தேதியோட இன்னிக்கே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிடுங்க.