எந்தக் கிணற்றுக்கு முதல் மருந்து?

கேள்வி: எண்ணெய்க் கிணறுகளில் மெழுகும் ஆஸ்பால்டீனும் (கச்சா எண்ணெயில் உள்ள கறுத்த, தார் போன்ற கனமான பொருள்) படிகின்றன என்கிறார்கள். எந்தக் கிணற்றை முதலில் சுத்தம் செய்வது என்று எப்படி முடிவெடுப்பீர்கள்? – நாகப்பட்டினம் வாசகர்

பதில்: எண்ணெயில் எவ்வளவு ஆஸ்பால்டீன் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். வெனிசுவேலாவின் போஸ்கான் எண்ணெயில் சுமார் 17 சதவீதம் இருந்தும் பெரிய தொல்லை இல்லை. அல்ஜீரியாவின் ஹாசி மெசாவூதில் ஒரு சதவீதம்கூட இல்லை, ஆனால் குழாய்கள் அடைத்துக்கொண்டன.

நான் பார்ப்பது இதைத்தான்: நிலத்தடி அழுத்தம் அப்படியே இருக்கிறது, தண்ணீரும் கூடவில்லை, உற்பத்தி மட்டும் சரிகிறதா? அப்படியென்றால் அடைப்புதான் காரணமாக இருக்கும்; அந்தக் கிணறுதான் முதலில். அழுத்தமே தீர்ந்துபோன கிணற்றில் கரைப்பானை ஊற்றுவது வீண்செலவு.

அடுத்தது, குழாயின் உட்சுவரைச் சுரண்ட இறக்கும் சுரண்டியில் ஒட்டி வரும் கசடு. ஒரு துண்டைச் சுடுநீரில் போடுவேன். உருகி மிதந்தால் மெழுகு. சூடான எண்ணெயே போதும். கறுத்த, நொறுங்கும் கட்டியாகவே கிடந்தால் ஆஸ்பால்டீன். அதற்கு ஸைலீன் என்ற கரைப்பான் வேண்டும். ஒருமுறை அவசரத்தில் சோதிக்காமல் டீசல் இறக்கினோம். ஆஸ்பால்டீன் டீசலில் கரையாது; அடைப்பு இன்னும் இறுகிவிட்டது. அந்தக் கிணற்றை மீட்க நாங்கள் பட்ட பாடு இன்றும் மறக்கவில்லை. அதன்பின் மாதிரி பார்க்காமல் எந்தக் கிணற்றையும் நான் பட்டியலில் சேர்த்ததில்லை.