பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஏன் எப்போதும் அம்மாவே லீவு போடுகிறார்?

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இலங்கையில் பிள்ளையின் வருத்தத்துக்கென்று தனி லீவு கிடையாது. அரச வேலையில் வருடத்துக்கு 21 நாள் கேசுவல் லீவு, தனியாரில் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின் கீழ் 7 நாள், அது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

மிச்சத்தை முடிவு செய்வது பழக்கமும் சம்பளமும். கல்முனையில் அப்பா தனியார் கம்பெனியில் சேல்ஸ், களுவாஞ்சிகுடியில் அம்மா ரீச்சர் என்றால், மாத டார்கெட்டை விட்டு அவர் வரமாட்டார், ரீச்சர்தான் காலையில் அதிபருக்குக் கோல் எடுப்பார். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளமாக இருந்தாலும் பெரும்பாலும் இதுதான் நடக்கும். மாரி காலத்தில் டெங்கு என்று வார்டில் போட்டால் பிள்ளையோடு நிற்கச் சொல்வதும் அநேகமாகத் தாயைத்தான்; அப்பா இடியாப்பப் பார்சலோடு வாசலில் நிற்பார், ஆசை இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

இன்னொன்று, நம் கிழக்கிலங்கைப் பக்கத்தில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போவதால் அம்மம்மா பெரும்பாலும் அதே வளவில்தான் இருப்பார். சாதாரண தடிமன், இருமல் எல்லாம் அவர் தலையில், கணக்கில் வராத லீவு அது. அவருக்கே முடியாமல் போனால்தான் வீட்டில் சண்டை தொடங்கும்.

சுவீடனில் 1974 முதல் பிள்ளையின் வருத்தத்துக்கு லீவு எடுத்தால் பெற்றோர் இருவருக்கும் கொடுப்பனவு உண்டு, சம்பளத்தில் கிட்டத்தட்ட 80 வீதம். அங்கேயும் பெண்கள்தான் கூடுதலாக எடுக்கிறார்கள், ஆனால் ஆண்களின் பங்கு மூன்றில் ஒன்றைத் தாண்டிவிட்டது. காசு கிடைத்தால் அப்பாமாருக்கும் பனடோல் அளவு தெரிய வரும் போல!