உலகக் கோப்பைக்குப் போவது – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் 2030 உலகக் கோப்பைக் கால்பந்தை நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்து பணம் சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். மூவரும் அர்ஜென்டினா ரசிகர்கள். முதல் ஆட்டத்திலிருந்து அந்த அணி போகுமிடமெல்லாம் போவது, முடிந்தால் இறுதிப் போட்டியையும் பார்ப்பது என்பது திட்டம். ஒரு பயண முகவர் இறுதிப் போட்டி டிக்கெட் உறுதி என்று சொல்லி இப்போதே முன்பணம் கேட்கிறார். முதலில் எதைச் செய்ய வேண்டும், விமானமா, விசாவா, டிக்கெட்டா? தொலைக்காட்சியில் இன்னும் நன்றாகத் தெரியுமே, இத்தனை செலவு எதற்கு என்று என் மனைவி கேட்கிறார். அதற்கும் ஒரு பதில் தந்தால் நல்லது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் திட்டத்தில் எனக்கு உறுத்துவது அர்ஜென்டினாதான். அணியின் மீது எனக்குக் கோபம் ஏதும் இல்லை. அதன் பின்னாலேயே அலைவது என்ற எண்ணம்தான் ஆகாதது.

2030 போட்டியை நடத்துபவை மொராக்கோ, ஸ்பெயின், போர்ச்சுகல். ஆனால் முதல் உலகக் கோப்பை 1930இல் உருகுவேயின் மான்டவிடியோவில் நடந்தது அல்லவா, அந்த நூற்றாண்டை ஒட்டி உருகுவே, அர்ஜென்டினா, பராகுவே மூன்றும் தங்கள் முதல் ஆட்டத்தைச் சொந்த மண்ணில் ஆடப் போகின்றன. ஆகவே உங்கள் பயணம் பியூனஸ் அயர்ஸில் தொடங்கும். அங்கே ஒரே ஓர் ஆட்டம். பிறகு அட்லாண்டிக் கடலைத் தாண்டி வர வேண்டும். வீரர்களுக்குத் தனி விமானம் உண்டு, உங்களுக்கு இல்லை.

இந்தப் பக்கம் வந்து சேர்ந்த பிறகாவது நிம்மதி உண்டா என்றால் அதுவும் இல்லை. 2026இல் 48 அணிகள், 12 பிரிவுகள் என்று போட்டி விரிந்துவிட்டது. முதல் இரண்டு இடங்களைப் பிடிக்கும் அணிகளோடு, மூன்றாம் இடம் பெறும் 12 அணிகளில் எட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும். எந்த எட்டு என்பதற்கு 495 சாத்தியங்கள். போட்டியின் விதிப்புத்தகத்தில் அந்த 495க்கும் நீண்ட அட்டவணையே போட்டிருக்கிறார்கள். உங்கள் அணி மூன்றாவதாக வந்தால், மற்றப் பிரிவுகளின் கடைசி விசில் ஊதும்வரை அடுத்த ஆட்டம் எந்த ஊரில் என்பது பயிற்சியாளருக்கே தெரியாது. 2030இலும் இதே முறை தொடர்ந்தால், விளையாட்டைப் பார்க்க வேண்டிய நேரத்தில் நீங்கள் மூவரும் கைப்பேசியில் விமானக் கட்டணத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

கத்தார் 2022 விதிவிலக்கு. எட்டு அரங்குகளும் தோஹாவிலும் அதைச் சுற்றியும் இருந்ததால் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களைப் பார்த்தவர்கள் உண்டு. அப்படி ஒரு வசதி இனி வாய்ப்பது கடினம்.

ஆகவே அணியை விட்டுவிட்டு ஊரைத் தேர்ந்தெடுங்கள். நானாக இருந்தால் ரபாத்தில் அறை எடுப்பேன். மொராக்கோவில் ஆட்டங்கள் நடக்கவிருக்கும் ஆறு நகரங்களில் தாஞ்சியர், ரபாத், காசாபிளாங்கா மூன்றும் ஒரே அதிவேக ரயில் தடத்தில் இருக்கின்றன. 2018இல் தொடங்கிய ரயில் அது. தாஞ்சியரிலிருந்து காசாபிளாங்காவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம், ரபாத் நடுவில். ஃபெஸ் நகருக்குச் சாதாரண ரயிலிலேயே போய் வரலாம். பெட்டியைக் கட்டாமலே நான்கு நகரங்களின் ஆட்டங்கள் உங்கள் கைக்கெட்டும். முதல் சுற்றை மட்டும் பாருங்கள். மொராக்கோ ஆடும் ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைக்காது, அதை மறந்துவிடலாம். மற்றவை என்னவாக இருந்தாலும் வாங்குங்கள். 2022 நவம்பர் 22 அன்று லுசைல் அரங்கில் சவுதி அரேபியா 2–1 என்று அர்ஜென்டினாவை வீழ்த்தியது முதல் சுற்றில்தான். ஆட்டத்துக்கு முந்தைய நாள்வரை அதை ஒரு பொருட்டாக யார் மதித்தார்கள்?

ஒரு எச்சரிக்கை. அட்டவணையில் ஊரின் பெயர் ஒன்று இருக்கும், அரங்கம் வேறெங்கோ இருக்கும். 2026இல் பாஸ்டன் என்று எழுதியிருந்த ஆட்டங்கள் ஃபாக்ஸ்பரோவில். நியூயார்க் என்றது நியூஜெர்சியின் ஈஸ்ட் ரதர்ஃபோர்டில். காசாபிளாங்காவுக்கென்று கட்டப்படும் மாபெரும் அரங்கமும் ஊருக்குள் இல்லை, பென்ஸ்லிமான் பக்கம். ஆட்டம் முடிந்து இரவில் திரும்பக் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதைத் தெரிந்துகொண்டபின் அறையை உறுதி செய்யுங்கள். ரத்து செய்யக்கூடிய முன்பதிவாக இருக்கட்டும். தங்குமிடம் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இனி வரிசை. முதலில் டிக்கெட், பிறகு விசா, கடைசியில் விமானம். ஃபிஃபா தன் இணையதளத்தில் பல கட்டங்களாக டிக்கெட் விற்கிறது. முதல் கட்டங்கள் குலுக்கலுக்கு முன்பே நடந்துவிடும். 2026 போட்டிக்கு 2025 செப்டம்பரில் விற்பனைக்கான விண்ணப்பம் தொடங்கியது, எந்த அணி எந்தப் பிரிவில் என்ற குலுக்கல் டிசம்பர் 5 அன்றுதான் நடந்தது. இடையில் வாங்கியவர்கள் கையில் இருந்தவை ஆட்ட எண்ணும் தேதியும் ஊரும்தான். ஊரைத் தேர்ந்தெடுத்தவனுக்கு இதில் நஷ்டம் ஏதுமில்லை.

டிக்கெட் இருந்தால் விசா தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். 2018இல் ரஷ்யாவின் ரசிகர் அட்டையும் 2022இல் கத்தாரின் ஹய்யா அட்டையும் நுழைவு அனுமதியாகச் செல்லுபடியானதால் பலர் அதையே வழக்கம் என்று எண்ணிவிட்டார்கள். 2026இல் அமெரிக்கா டிக்கெட்டை நுழைவு அனுமதியாக ஏற்கவில்லை. ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா ஒன்றே போதும். பயணத்துக்கு ஆறு மாதம் இருக்கும்போதே விண்ணப்பிக்கலாம். அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில் கொடுக்க வேண்டும். மொராக்கோ ஷெங்கனில் இல்லை. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்வார்கள். ஸ்பெயினின் தாரிஃபாவிலிருந்து தாஞ்சியருக்குப் படகில் ஒரு மணி நேரம்தான். காலையில் போய் ஆட்டம் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று தோன்றும். விசா ஒட்டுச்சீட்டில் நுழைவுகளின் எண்ணிக்கை என்ற கட்டத்தைப் பாருங்கள். அதில் 01 என்று இருந்தால், படகேறியதும் உங்கள் ஐரோப்பா முடிந்தது. பெட்டி செவில்லில் கிடக்கும், நீங்கள் தாஞ்சியரில் நிற்பீர்கள். ஸ்பெயினையும் பார்க்க ஆசையிருந்தால் முதலில் அங்கே இறங்கி, பிறகு மொராக்கோவுக்கு வந்து, காசாபிளாங்காவிலிருந்தே ஊர் திரும்புங்கள். ஒரே திசைப் பயணத்துக்கு ஒற்றை நுழைவு போதும்.

உங்கள் மனைவி சொல்வது சரி. கோலைத் தொலைக்காட்சியில்தான் நன்றாகப் பார்க்க முடியும். கேமரா பந்தின் பின்னாலேயே போகிறது. ஆனால் வலது ஓரத்தில் பந்து இருக்கும்போது இடது பக்கத் தற்காப்பாட்டக்காரர் ஐம்பது மீட்டர் தள்ளிக் கையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார், பந்து வராது, திட்டியபடி திரும்பி நடப்பார், அடுத்த முறையும் ஓடுவார். இதை அரங்கில் மட்டுமே பார்க்கலாம். அதுவும் உயரத்தில் உட்கார்ந்தால். கோலுக்குப் பின்னால், மேல் வரிசையில் இருக்கும் மலிவான இருக்கையை வாங்குங்கள். இரு அணிகளும் விரிவதும் சுருங்குவதும் அங்கிருந்து தெரிவதுபோல விலை உயர்ந்த கீழ் வரிசையிலிருந்து தெரியாது. இந்தப் பதில் அவருக்குப் போதுமா என்று தெரியவில்லை, எனக்குப் போதும்.

முகவர் விஷயம். 2030 டிக்கெட் விற்பனை தொடங்கவே இல்லாதபோது அவர் எதை உறுதி செய்கிறார்? ஃபிஃபா யாருக்கு விற்பனை உரிமை கொடுத்திருக்கிறது என்பதை அதன் தளத்திலேயே வெளியிடும். அந்தப் பட்டியலில் அவர் பெயர் வரும்வரை ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம்.