பிளஸ் டூ முடித்ததும் வேலைக்குப் போகிற பையன்கள்: பள்ளியிலேயே என்ன சொல்லிக்கொடுக்கலாம்?

கேள்வி: குமரி மாவட்டம் கருங்கல் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு ஏழெட்டுப் பையன்களாவது "காலேஜுக்குப் போகல டீச்சர், மாமாகூட சோலிக்குப் போறேன்" என்கிறார்கள். கொத்து வேலை, வயரிங், பிளம்பிங், வெல்டிங், இதில் ஏதாவது ஒன்று. தடுக்கவும் மனமில்லை, அப்படியே விடவும் மனமில்லை. முறையான தொழிற்பழகுநர் பயிற்சிக்கு இவர்களை அனுப்ப முடியுமா? பள்ளியில் இருக்கும் கடைசி ஆறு மாதத்தில் நான் என்ன செய்யலாம்? எங்களிடம் ஒர்க்‌ஷாப் கிடையாது.

பதில்:

டீச்சர், மாமாகூடப் போவது வேறு, தொழிற்பழகுநராகப் போவது வேறு. நம் ஊரில் இரண்டையும் அப்ரண்டிஸ் என்றே சொல்கிறார்கள், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மாமாகூடப் போகிறவன் கையாள். கலவை குழைப்பான், செங்கல் எடுத்துக்கொடுப்பான், கொத்தனாருக்கு மனம் வந்தால் ஒரு நாள் கரண்டியைத் தொட விடுவார். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி சேர்ந்தவனுக்கு எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, அது அரசு இணையதளத்தில் பதிவாகியிருக்கும். என்ன பழக வேண்டும் என்ற பாடத்திட்டம், மாத உதவித்தொகை, கடைசியில் தேர்வு, சான்றிதழ் எல்லாம் உண்டு.

நான் ஐ.டி.ஐ.யில் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். ஒரு கட்டட ஒப்பந்ததாரரிடம் மூன்று வருடம் அப்ரண்டிஸாக இருந்தானாம். ஒப்பந்தம் எங்கே என்று கேட்டேன், முழித்தான். மூன்று வருடமும் பெரும்பாலும் லோடு இறக்கியிருக்கிறான். வேலையும் ஓரளவு தெரிந்தே இருந்தது. ஆனால் தெரியும் என்று காட்ட ஒரு துண்டுத் தாள் கையில் இல்லை. மறுபடி முதல் வருடத்திலிருந்து தொடங்கினான்.

கொத்து வேலைக்கு முறையான தொழிற்பழகுநர் இடம் நம் மாவட்டத்தில் லேசில் கிடைக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற வேண்டாம். 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள்தான் கட்டாயமாகப் பழகுநர்களை எடுக்க வேண்டும், ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை. 4 முதல் 29 பேர் இருந்தால் விருப்பம்போல் எடுக்கலாம். இங்கே வீடு கட்டுகிறவர்கள் யார்? ஒரு மேஸ்திரி, இரண்டு கொத்தனார், அவர்களுக்கு இரண்டு மூன்று கையாள். பதிவு, ரிட்டர்ன், இணையதளம் என்றெல்லாம் அவர் தலையைக் கொடுக்க மாட்டார். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், வெல்டர் என்றால் நிலைமை தேவலை. மணவாளக்குறிச்சி மணல் ஆலை, அரசுப் போக்குவரத்துக் கழகம், எல்லை தாண்டினால் மகேந்திரகிரி இஸ்ரோ வளாகம், கூடங்குளம் அணுமின் நிலையம் என்று பெரிய இடங்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. அவ்வப்போது அறிவிப்பு வரும். ஆனால் இந்த டிரேடுகளுக்கு (தொழிற்பிரிவுகளுக்கு) பெரும்பாலும் ஐ.டி.ஐ. சான்றிதழ் கேட்பார்கள்.

ஆகவே உங்கள் பையன்களில் பெரும்பாலோருக்கு ஒழுங்கான வழி ஐ.டி.ஐ., அதன் பிறகு பழகுநர் பயிற்சி. நாகர்கோவில் கோணத்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது, பாலிடெக்னிக்கும் அதே கோணத்தில்தான். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் இரண்டு வருடம். வெல்டர், பிளம்பர் ஒரு வருடம். சேர்க்கைக்குப் பார்ப்பது பத்தாம் வகுப்புத் தேர்ச்சியை, சில டிரேடுகளுக்கு எட்டாம் வகுப்பே போதும். இதைப் பெற்றோரிடம் அழுத்திச் சொல்லுங்கள். பிளஸ் டூவில் ஒரு பாடம் போய்விட்டால் எல்லாம் போச்சு என்று நினைத்து, ரிசல்ட் வந்த மறுநாளே பையனைக் கலவை குழைக்க அனுப்பிவிடுகிறார்கள். கதவு திறந்தேதான் இருக்கிறது. அரசு ஐ.டி.ஐ.யில் கல்விக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியிலோ படித்தவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனி. மாணவிகளுக்கு அதே மாதிரி புதுமைப் பெண் திட்டம். அப்பா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருந்தால் பிள்ளையின் ஐ.டி.ஐ. படிப்புக்கு அங்கேயும் உதவி கேட்கலாம். அட்டையைப் புதுப்பித்திருக்கிறாரா என்று மட்டும் விசாரியுங்கள், பாதிப் பேர் மறந்திருப்பார்கள்.

ஐ.டி.ஐ. போகாமல் நேரே போக ஒரு வழி உண்டு. உங்கள் பள்ளியிலோ பக்கத்துப் பள்ளியிலோ தொழிற்கல்விப் பிரிவு இருந்து, பையன் அடிப்படை மின் பொறியியலோ கட்டடப் பொறியியலோ படித்துத் தேறியிருந்தால், ஒரு வருடத் தொழிற்பழகுநர் பயிற்சிக்கு நேரடியாகத் தகுதி வந்துவிடுகிறது. சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் வாரியம் அதைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் வணிகவியல் பையன்களுக்கு இது பொருந்தாது, ஆனால் பக்கத்து வகுப்பில் ஒருவன் இருக்கலாம்.

இனி பையன்கள் கேட்கப்போகும் கேள்வி. 2019-இல் திருத்திய விதிப்படி பிளஸ் டூ முடித்தவருக்கும் ஐ.டி.ஐ. முடித்தவருக்கும் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 7,000 ரூபாய். தொகையை இடையிடையே மாற்றுவார்கள், விண்ணப்பிக்கும் அன்று இணையதளத்தில் பாருங்கள். "பத்து நாள் கையாள் வேலைக்குப் போனா இந்தப் பைசா வருமே டீச்சர்" என்பான். உண்மைதான், மறுக்காதீர்கள். மறுத்தால் உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுவான். அவன் தெருவிலேயே நாற்பது வயதில் கையாளாக இருக்கும் ஒருவரையும், அதே வயதில் வயரிங் எடுத்துச் செய்யும் ஒருவரையும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர் சொல்ல வேண்டாம், அவனே கண்டுபிடிப்பான்.

சரி, பள்ளியில் என்ன செய்யலாம்? ஒர்க்‌ஷாப் இல்லாதது பெரிய குறையே இல்லை. முதல் நாள் வேலைக்கு வரும் பையனிடம் நான் பார்த்த பெரிய ஓட்டை, அளக்கத் தெரியாததும் அளந்ததை எழுதத் தெரியாததும்தான். சுத்தியல் பிடிக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம், இது ஒரு வாரத்தில் வராது.

ஒரு டேப்பைக் கொடுத்துக் கரும்பலகையை அளக்கச் சொல்லுங்கள். நுனியில் இருக்கும் கொக்கி கொஞ்சம் ஆடும். "டீச்சர், டேப்பு கெட்டுப்போச்சு" என்று பத்தில் எட்டுப் பேர் சொல்வார்கள். கெடவில்லை. அந்தக் கொக்கியின் தடிமன் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்து அளக்கும்போது கொக்கி வெளியே நகரும், சுவருக்குச் சுவர் முட்டி அளக்கும்போது உள்ளே நகரும். இரண்டு விதத்திலும் அளவு சரியாக வரத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இதைத் தெரியாமல் கொக்கியை அடித்து இறுக்கிவிட்டு, ஜன்னலுக்கு ஜன்னல் அளவு தப்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், ஒரே நீளத்தை அடி அங்குலத்திலும் மில்லிமீட்டரிலும் எழுதச் சொல்லுங்கள். நம் கொத்தனார் பேசுவது அடி, இன்ஜினீயர் கொடுக்கும் வரைபடத்தில் மில்லிமீட்டர். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவனுக்கு ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர் என்பது தூக்கத்திலும் வர வேண்டும். அளந்ததை வாயால் சொல்லக் கூடாது, நோட்டில் எழுதி தேதி போட வேண்டும். கோபம் வரும், விடாதீர்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விளையாட்டு மைதானத்தில் நூல் கட்டி ஒரு மூலை எடுக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. பெரிய அளவுக்கு 6, 8, 10. கணக்கு வகுப்பில் பித்தாகரஸ் என்றதும் தூங்கியவன் இங்கே விழித்துக்கொள்வான். மூலை ஒரு அங்குலம் பிசகினால் அப்போது யாருக்கும் தெரியாது, டைல்ஸ் ஒட்டும்போது கடைசி வரிசை கோணலாக வந்து சிரிக்கும்.

இன்னொன்று தண்ணீர் ட்யூப் மட்டம். தெளிவான ட்யூபில் தண்ணீர் நிரப்பி, வகுப்பறையின் இரண்டு எதிர்ச் சுவர்களில் ஒரே உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும். உள்ளே காற்றுக்குமிழ் இருந்தால் மட்டம் பொய் சொல்லும், பார்க்கும்போது ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்திருந்தாலும் பொய் சொல்லும். இரண்டு தப்பையும் அவர்களே செய்து, அவர்களே பிடிக்கட்டும்.

உங்கள் பாடத்துக்கு நெருக்கமானது கம்பிக் கணக்கு. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் வரும். 12 மில்லிமீட்டர் கம்பிக்கு 144-ஐ 162-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.89. முழுக் கம்பி 12 மீட்டர், ஆக 10.7 கிலோ சுமார். இதை வைத்து ஒரு ஹார்டுவேர் பில்லைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். எடைக்கு விலை போட்டிருக்கிறார்களா, எண்ணிக்கைக்கா, ஜி.எஸ்.டி. எங்கே சேர்ந்தது என்று பார்ப்பதெல்லாம் வணிகவியல்தானே. பில் படிக்கத் தெரிந்த பையனை எந்த மேஸ்திரியும் சீக்கிரம் பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

பாதுகாப்பு பற்றி நீளமாகப் பேச வேண்டாம், கேட்க மாட்டார்கள். இரண்டு விஷயம் போதும். ஈரச் சிமென்ட் தோலை அரிக்கும். காரத்தன்மை உள்ளது, முதலில் வலிக்காது, சாயங்காலம் விரல் இடுக்கில் புண்ணாக எழும்பும். கைகாலில் பட்டால் உடனே கழுவ வேண்டும், வெறுங்காலோடோ வெறும் செருப்போடோ ஈரக் கான்கிரீட்டில் நிற்கக் கூடாது. டைல்ஸ், கிரானைட் அறுக்கும்போது எழும் தூசி நுரையீரலில் தங்கும், தண்ணீர் விட்டு அறுக்க வேண்டும். கருங்கல் தூசியைப் பற்றி உங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாள் வேலைக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். ஆதார், மதிப்பெண் சான்றிதழ், வங்கிப் புத்தகம் மூன்றையும் மேஜையில் வைத்து பெயர், இனிஷியல், பிறந்த தேதியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு பேருக்காவது இடிக்கும். கணக்கு அவன் பெயரில் இருக்க வேண்டும், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும், உதவித்தொகையில் அரசு தரும் பங்கு நேரே அதில்தான் விழும். 18 நிறையாதவன் என்றால் ஒப்பந்தத்தில் அப்பாவோ அம்மாவோ கையெழுத்துப் போட வேண்டும். ஆபத்தான தொழிலுக்குப் பழகுநராக 18 நிறைந்தவனைத்தான் எடுக்கலாம், நல வாரியத்தில் பதியவும் 18 ஆக வேண்டும். பழகுநருக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, ஆனால் பயிற்சியில் காயம் பட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பயிற்சி முடிந்ததும் வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை. இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வளைகுடா பேச்சும் வரும், நம் மாவட்டத்தில் வராமல் இருக்காது. பத்தாம் வகுப்புத் தேறியவனின் பாஸ்போர்ட்டில், வேலைக்குப் போகுமுன் அரசிடம் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும் என்ற முத்திரைத் தொல்லை இல்லை, அதுவரை நல்லது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, ஏஜென்டிடம் பணத்தைக் கொட்டும் முன்பு அங்கே கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் வகுப்பில் ஒரு பெண்ணாவது இந்த வேலைக்கு ஆசைப்பட்டால் அவளுக்கும் டேப்பைக் கொடுங்கள். சிவில் வரைவாளர், எலக்ட்ரீஷியன் இரண்டிலும் பெண்கள் நன்றாக வருகிறார்கள், ஐ.டி.ஐ. சேர்க்கையில் அவர்களுக்கு வயது வரம்பும் இல்லை.

வாங்க வேண்டியது கொஞ்சம்தான். 5 மீட்டர் டேப் நான்கு, நைலான் நூல் ஒரு உருண்டை, ட்யூப் 10 மீட்டர். மார்த்தாண்டத்தில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ட்யூபை மட்டும் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், செடிக்குத் தண்ணீர் விடும் பச்சை ட்யூபைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுவார்கள்.