மாமனார் முகத்தைப் பார்த்தாலே படபடப்பு

கேள்வி: என் வயது 34. ஆறு மாதமாக மாமனார் எங்களோடு இருக்கிறார். “கோபக்காரர், பார்த்து நடந்துகொள்” என்று கல்யாணத்தின்போதே சொன்னார்கள். காபி கொடுக்கப் போனால் முறைப்பதுபோலவே இருக்கிறது, நெஞ்சு படபடக்கிறது. இத்தனைக்கும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. கணவரோ, “அப்பா முகமே அப்படித்தான்” என்கிறார். கோளாறு என் கண்ணிலா, மனதிலா?

பதில்: நீங்கள் எழுதியதைப் பார்த்தால் கண் கோளாறாகத் தெரியவில்லை. மனநோய் என்றும் சொல்ல மாட்டேன். எதிரே இருப்பது கோபமா களைப்பா என்று தீர்மானிப்பது மூளை. அதுவும், ஏற்கெனவே கேள்விப்பட்டதையும் சேர்த்துக்கொண்டு. வாய்விட்டுச் சிரிக்கும் முகத்தில் குழப்பம் குறைவு. சலனமில்லாத முகம்தான் வம்பு.

2004இல் வெளியான ஓர் ஆய்வில், வியப்பில் கண் விரிந்த முகங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். படத்துக்கு முன்னால் ஒரு வரி வரும்: 500 டாலர் தொலைத்தவர், அல்லது 500 டாலர் கண்டெடுத்தவர். தொலைத்தவர் என்று படித்துவிட்டுப் பார்த்தபோது, ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி கூடுதலாகக் கிளர்ந்தது. உங்களுக்கு அந்த வரியைக் கல்யாணப் பந்தலிலேயே சொல்லிவிட்டார்கள். சொந்தக்காரர்கள் இந்த வேலையில் கெட்டிக்காரர்கள்!

அப்புறம் படபடப்பே சாட்சியாகிவிடும்: ‘நெஞ்சு இப்படி அடிக்கிறதே, அப்படியானால் கோபம்தான்.’ தூக்கம் கெட்டால் இன்னும் கூடும். டம்ளரை வைத்துவிட்டு ஓடாமல், “சர்க்கரை போதுமா மாமா?” என்று கேட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள். முகத்தில் தெரியாதது குரலில் தெரியும். சில வாரம் இப்படிப் பழகினால் பயம் மெல்லத் தணியும். அவர் இல்லாத நேரத்திலும் படபடப்பு, கைநடுக்கம், எடை குறைவு இருந்தால் தைராய்டு பரிசோதனையும் இசிஜியும் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று, இது உங்களைப் பற்றியது அல்ல. பழைய போட்டோக்களிலும் மாமனார் முகம் இப்படித்தானா என்று கணவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சமீபத்தில்தான் இறுகியது என்றால், கண் சிமிட்டுவது குறைந்திருக்கிறதா, குரல் தணிந்திருக்கிறதா, நடக்கும்போது ஒரு கை வீசாமல் இருக்கிறதா, கையெழுத்து சிறுத்திருக்கிறதா என்று கவனியுங்கள். உடல் அசைவுகளை மந்தமாக்கும் பார்க்கின்சன் என்ற மூளை நோயில் முகத் தசைகளின் அசைவு குறைந்து, சாந்தமானவர்கூடச் சிடுசிடுப்பாகத் தெரிவார். ‘அவர் சுபாவமே அப்படி’ என்ற பேச்சில் இது வருஷக்கணக்கில் மறைந்துகிடப்பதுண்டு. இவற்றில் ஒன்றிரண்டு இருந்தாலும் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். மாத்திரையில் நல்ல பலன் கிடைக்கும்.