ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பவல் கேஸ்’ என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வயிறு உப்புசமாகவே இருக்கிறது என்று ஸ்கேன் எடுத்தோம். ‘பவல் கேஸ் மறைப்பதால் கணையம் தெரியவில்லை’ என்று ரிப்போர்ட்டில் இருக்கிறது. குடலில் நோயா, கணையம் கெட்டுவிட்டதா?

பதில்: ரிப்போர்ட்டில் இருப்பதற்கு இரண்டுமே அர்த்தம் இல்லை. அந்த வரி கணையத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவும் சொல்லவில்லை, பார்க்க முடியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது.

பவல் என்றால் குடல். சிறுகுடல், பெருங்குடல் இரண்டுக்கும் சேர்த்துப் பொதுவான பெயர். குடலில் காற்று எல்லோருக்கும் இருக்கும், அதுதான் பவல் கேஸ். ஸ்கேன் எடுக்கும்போது அம்மா வயிற்றில் ஜில்லென்று ஒரு ஜெல் தடவியிருப்பார்களே, அது எதற்கென்றால், இந்த ஸ்கேன் ஒலி அலையை உள்ளே அனுப்பித்தான் படம் எடுக்கிறது, தோலுக்கும் கருவிக்கும் நடுவில் துளிக் காற்று இருந்தால்கூட அந்த அலை உள்ளே போகாமல் திரும்பிவிடும். வெளியே இருக்கும் காற்றை ஜெல் போட்டு விரட்டிவிடலாம், உள்ளே இருக்கிற காற்றை என்ன செய்வது? கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகை ஒட்டி ஆழத்தில் கிடக்கிறது, அதனால் இரைப்பையிலோ குடலிலோ காற்று நிறைந்திருந்தால் முதலில் மறைவது அதுதான்.

இதே சொல் டிஸ்சார்ஜ் சம்மரியில் வேறு பொருளில் வரும். ‘பவல், பிளாடர் நார்மல்’ என்று இருந்தால் மலமும் சிறுநீரும் ஒழுங்காகப் போகிறது என்று அர்த்தம். வார்டில் சிஸ்டர் “மோஷன் போச்சா?” என்று கேட்பதைத்தான் ஃபைலில் பவல் என்று எழுதுவார்கள். (தினமும் போனால்தான் நார்மல் என்றில்லை, ஒரு நாளைக்கு 3 முறையிலிருந்து வாரத்துக்கு 3 முறை வரை சரிதான்.)

சரி, இப்போது என்ன செய்வது? ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுங்கள். உப்புசம் மட்டும் என்றாலும், இந்த வயதில் புதிதாக வந்து தொடர்ந்து இருந்தால் ‘கேஸ்தானே’ என்று தள்ளிப்போடாதீர்கள், பெண்களுக்கு இது சில சமயம் சினைப்பை சம்பந்தப்பட்டதாகவும் இருக்கும். எடை குறைவது, மஞ்சள் காமாலை, முதுகுக்குப் பரவும் வலி, மலத்தில் ரத்தம், இதில் ஏதாவது இருந்தால் உடனே போங்கள், கணையத்தைப் பார்க்க சிடி ஸ்கேன் கேட்கலாம். இதே ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொன்னால் 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிற்றில் காலையிலேயே கூட்டிப் போங்கள், அம்மா சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அன்று அதை எப்போது போடுவது என்று முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.