மார்ச் மேட்னஸ் தரநிலை: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் நாக்-அவுட் போட்டி. தரநிலை என்பது அதில் அணிக்குத் தரும் வரிசை எண், 1 தான் உயர்ந்தது.

68 அணிகள் ஆடுகின்றன, தரநிலை மட்டும் ஏன் 16 வரை?

நான்கு மண்டலங்கள், மண்டலத்துக்கு 16 தரநிலைகள். மிச்சமாகும் நான்கு அணிகளைக் குறைக்க டேட்டன் நகரில் முதலில் நான்கு ஆட்டங்கள் நடக்கும். அப்புறம் 1-ம் தரநிலை அணி 16-உடன், 8-ம் தரநிலை 9-உடன், இந்த இரண்டு ஆட்டங்களிலும் ஜெயித்தவர்கள் அடுத்த சுற்றில் ஒருவரோடு ஒருவர்.

இதைக் கணினி முடிவு செய்கிறதா?

இல்லை, 12 பேர் கொண்ட கமிட்டி ஓட்டுப்போட்டு முடிவு செய்கிறது. அவர்களுக்கு உதவ அணிகளை வரிசைப்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு; 2018-ல் ஆர்பிஐ என்ற பழைய கணக்கைக் கைவிட்டு நெட் என்ற பட்டியலுக்கு மாறினார்கள். அதில் முதல் 30 அணிகளில் ஒன்றைச் சொந்த ஊரில் வென்றாலும், முதல் 75-ல் ஒன்றை அதன் ஊரிலேயே போய் வென்றாலும் 'முதல் தர வெற்றி' என்று கணக்கு.

ஜெயித்த கணக்கைப் பார்க்கணுமா, பலத்தைப் பார்க்கணுமா?

இரண்டையும் பார்க்கணும், ஆனால் தனித்தனியாக. உள்ளே விடுவதா வேண்டாமா என்பதற்கு ஜெயித்த கணக்கு. உள்ளே வந்தபின் எந்த இடம் என்பதற்குப் பலம். 2021-ல் லயோலா சிகாகோவுக்கு நடந்ததைப் பாருங்கள். அணிகளின் பலத்தை அளக்கும் கென்பாம் பட்டியலில் முதல் 10-க்குள் இருந்த அணிக்குக் கொடுத்தது 8-ம் தரநிலை. சின்ன கான்ஃபரன்ஸ் (கல்லூரி அணிகளின் லீக்) அணி, பெரிய அணிகள் அதன் ஊருக்கு வந்து ஆடுவது அபூர்வம், அப்புறம் முதல் தர வெற்றிக்கு எங்கே போகும்? இதில் லயோலாவை விட அடி வாங்கியது இல்லினாய் என்பேன். சீசன் முழுக்க உழைத்து 1-ம் தரநிலை வாங்கிய அணிக்கு இரண்டாவது ஆட்டத்திலேயே இப்படி ஒரு எதிரி! 71-58, ஆட்டம் முழுக்க லயோலா பின்தங்கவே இல்லை.

ஆனால் அதே லயோலா அடுத்த ஆட்டத்தில் 12-ம் தரநிலை ஒரிகன் ஸ்டேட்டிடம் தோற்றதே?

தோற்றது, 65-58. ஒரு ஆட்டத்தை வைத்துத் தரநிலை சரியா தப்பா என்று சொல்லவே முடியாது, இல்லினாய் தோல்வியும் அதற்கு ஆதாரம் ஆகாது. ஆட்டத்துக்கு முன்பே கையில் இருந்த சீசன் பலக் கணக்கை ஏன் ஒதுக்கினார்கள் என்பதுதான் என் கேள்வி. 2018-ல் வர்ஜீனியா 16-ம் தரநிலை யூஎம்பிசியிடம் 74-54 என்று தோற்றது, அதற்காக வர்ஜீனியாவுக்கு முதல் தரநிலை கொடுத்தது தப்பாகிவிடுமா? ஆகாது.

முதல் தரநிலை அணிகள் எதிரியைத் தாங்களே தேர்ந்தெடுக்கலாமே?

எனக்குப் பிடித்த யோசனைதான், ஆனால் ஞாயிறு மாலை பட்டியல் வந்து வியாழனே ஆட்டம் என்றால் பயணம், டிக்கெட் எல்லாம் சிக்கல். தரநிலையை ஒழுங்காகப் போட்டால் அதற்குத் தேவையே இருக்காது.

பெண்கள் போட்டியிலும் இதே வாதம்தானா?

அங்கே இன்னும் அழுத்தமாகச் சொல்வேன். முதல் 16 அணிகள், அதாவது மண்டலத்துக்கு 1 முதல் 4 வரை தரநிலை உள்ளவை, முதல் இரண்டு சுற்றுகளையும் சொந்த அரங்கில் ஆடும், 5-ம் தரநிலைக்குப் போனால் அந்த வாய்ப்பே போச்சு. கமிட்டி அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் அந்த 4-க்கும் 5-க்கும் நடுவில்தான்.